‘சோசியோலஜி’ படித்தால் என்ன வேலை கிடைக்கும், சார்?

யூ.பி.யூ. முடிவு வெளிவந்த மறுநாள் காலை, ஒரு தாயார் மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஆறாம் படிவத்தில் என்னிடம் வரலாறு படித்த மாணவி அவள். எஸ்.டி.பி.எம். தேர்ச்சி நன்றாகவே இருந்தது. முதல் தேர்வாகச் சட்டத்துறை கேட்டிருந்தாள், அடுத்ததாகக் கணக்கியல். கிடைத்ததோ பட்டியலில் கீழே கிடந்த ஒன்று: அந்த்ரோபோலோகி டான் சோசியோலோகி. கைப்பேசியை என்னிடம் நீட்டும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் களையே இல்லை.

“இதப் படிச்சா என்ன வேலை கெடைக்கும், சார்? பக்கத்து வீட்டுல கேட்டா, மண்ணைத் தோண்டி எலும்பு எடுக்கிற படிப்புன்னு சொல்றாங்க. பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு? பேசாம இந்த வருசம் விட்டுட்டு, காசு கட்டி பிரைவேட்ல அக்கவுண்ட்ஸ் போட்டுடலாமான்னு பார்க்கிறோம்.”

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் இரண்டு மூன்று பெற்றோராவது கேட்கிறார்கள். ஆசிரியர் அறை வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. அன்று அந்த அம்மாவிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்னொரு வீட்டிலும் இந்நேரம் இதே பேச்சு நடந்துகொண்டிருக்கலாம்.

எலும்புக் கதையை முதலில் முடித்துவிடுவோம். பழைய எலும்பையும் ஓட்டையும் தோண்டி எடுப்பது தொல்லியல். மானிடவியலுக்கு அது உறவுக்காரப் படிப்புதான். ஆனால் நம் நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகங்களில் ‘மானிடவியலும் சமூகவியலும்’ என்று சேர்த்துக் கற்பிக்கப்படுவது, உயிரோடு இருக்கும் மனிதர்கள் கூடி வாழும் விதத்தைப் பற்றிய படிப்பு. மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம், சரவாக் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இது உண்டு.

கூடவே இருந்து பார்ப்பது

மானிடவியல் ஆய்வாளர் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து நிரப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், அந்த மக்களோடேயே தங்குகிறார். அவர்கள் பேச்சைக் கற்றுக்கொள்கிறார், சாப்பாட்டைச் சாப்பிடுகிறார், சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிறார். இரவில் உட்கார்ந்து அன்று பார்த்ததைக் குறிப்பு எழுதுகிறார்.

இதற்கு நம் நாட்டிலேயே பேர்போன உதாரணம் உண்டு. ரேமண்ட் ஃபிர்த் என்ற ஆய்வாளரும் அவர் மனைவி ரோஸ்மேரியும் 1939, 1940ஆம் ஆண்டுகளில் கிளந்தான் பாச்சோக் பக்கம் பெருப்போக் என்ற மீனவர் கிராமத்தில் குடியிருந்தார்கள். கணவர் படகு, வலை, மீன் விலை, கடன் இவற்றைப் பற்றி எழுதினார். மனைவி அந்த வீடுகளின் அடுப்படிக் கணக்கை எழுதினார்: எந்த வீட்டில் வாரத்துக்கு எவ்வளவு அரிசி, யார் கையில் காசு இருக்கிறது, பெண்கள் தனியாக என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வருகிறது. அரிசிக் கணக்கு எழுதுவதா ஆராய்ச்சி என்று சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கிளந்தான் ஏழை வீடு எப்படி நாளை ஓட்டியது என்று இன்று தெரிந்துகொள்ள அப்படிப்பட்ட புத்தகங்கள்தாம் கைகொடுக்கின்றன.

பிறகு கெடாவில், மூடா நெல் வயல் பகுதியில், ஜேம்ஸ் ஸ்காட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1978 முதல் 1980 வரை ஒரு கிராமத்தில் தங்கினார். அறுவடை இயந்திரம் வந்து ஏழைகளின் கூலி வேலையைத் தின்றபோது, அவர்கள் கொடி பிடிக்காமல் எப்படியெல்லாம் எதிர்ப்பைக் காட்டினார்கள் என்பதை எழுதினார். வேலையில் மெத்தனம் காட்டுவது, முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயர் வைப்பது, சொன்னது புரியாதவர் போல் நடிப்பது எல்லாம் அதில் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. கிராணிக்கு நம் தாத்தாமார் வைக்காத பட்டப்பெயரா? அந்தக் கிராமத்தின் உண்மைப் பெயரை ஸ்காட் போடவில்லை. ‘செடாக்கா’ என்று ஒரு பெயரை அவரே வைத்தார். நம்பிப் பேசிய ஏழைக்குப் புத்தகத்தால் வம்பு வந்துவிடக் கூடாது என்பது இந்தப் படிப்பின் முதல் ஒழுங்கு.

தோட்டத் தமிழர்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஆர்.கே. ஜெயின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தங்கி, லயத்து வாழ்க்கை, சாதி, உறவுமுறை, தொழிற்சங்கம் எல்லாவற்றையும் எழுதினார். 1970இல் அது நூலாக வந்தது. ஆண்ட்ரூ வில்ஃபோர்ட் என்ற அமெரிக்க மானிடவியலாளர், தோட்டங்கள் மூடப்பட்டபோது கோயிலுக்கும் குடியிருந்த மக்களுக்கும் நேர்ந்ததை ஒரு தனி நூலாகவே 2014இல் வெளியிட்டார். பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி எலிசபெத் காலின்ஸ் எழுதியிருக்கிறார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வினிதா சின்ஹா, அங்கே முனீஸ்வரன் வழிபாடு எப்படி மாறி வளர்ந்தது என்பதை 2005இல் ஒரு முழு நூலாக எழுதினார். ஆமாம், நம் தோட்டத்து எல்லையில் சூலத்தோடு நிற்கும் அதே முனியாண்டி சாமிதான்.

இந்தப் பெயர்களைப் படிக்கும்போது எனக்குப் பெருமையும் வரும், உறுத்தலும் வரும். கடல் கடந்து வந்து தமிழ் கற்றுக்கொண்டு நம் பாட்டியிடம் கதை கேட்டு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அதே பாட்டியின் பேத்திக்கு இந்தத் துறையில் இடம் கிடைக்கும்போது, ‘இது எதுக்கு’ என்று கேட்கிறோம்.

என் தொல்லையா, நம் தொல்லையா

சமூகவியல் வேறு ஓர் இடத்திலிருந்து தொடங்குகிறது. சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கர் 1959இல் எழுதிய நூல் ஒன்றை முதலாம் ஆண்டிலேயே படிக்கச் சொல்வார்கள். அவர் சொன்னதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் ஒருவருக்கு வேலை போனால், அவர் குடிக்கிறாரா, பெரட்டுக்கு ஒழுங்காக வருகிறாரா என்று அவரைப் பற்றி விசாரிக்கலாம். ஒரே மாதத்தில் இருநூறு குடும்பத்துக்கு வேலை போனால் இருநூறு பேரின் குணத்தை விசாரித்துப் பயனில்லை. நிலத்தை யார் வாங்கினார், ஏன் விற்றார்கள், சட்டம் தொழிலாளிக்கு என்ன கொடுத்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்தில் பிராங் பெசார் என்ற ரப்பர்த் தோட்டம் இருந்தது. நல்ல பால் தரும் ‘பி.பி.’ ரக மரங்கள் உருவானது அங்கேதான். பால் வெட்டிய பெரியவர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் தெரிந்திருக்கும். 1990களில் நகரம் எழும்பியபோது அங்கும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்தவர்கள் டிங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். நாடு முழுக்க இப்படித்தான் நடந்தது. தோட்டத்தில் வேலை போகும்போது வீடும் கூடவே போனது. ஆயாக் கொட்டகை, கோயில், பந்து விளையாடும் திடல், நடந்து போகும் தூரத்தில் இருந்த தமிழ்ப்பள்ளி எல்லாம் கையை விட்டுப் போயின. லயத்தில் பிள்ளை தப்புத்தண்டா செய்தால் அடுத்த வீட்டுக்காரர் காதைத் திருகுவார், மாலைக்குள் கங்காணி வரை செய்தி போய்விடும். பதினேழாவது மாடியில், தாயும் தகப்பனும் ஆளுக்கொரு ஷிஃப்ட் போகும் வீட்டில், அந்தக் காதைத் திருக ஆள் இல்லை.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்லவில்லை. சம்பளம் எப்படி இருந்தது, அடி உதை எப்படி இருந்தது, சாதி எப்படி இருந்தது என்பதெல்லாம் நமக்கே தெரியும். போனது என்ன, வந்தது என்ன என்று இரண்டையும் வைத்து எடைபோடச் சொல்கிறது சமூகவியல். பழையதை நினைத்து உருகுவதற்கு அதில் மதிப்பெண் கிடையாது.

இன்னொரு பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்: சைட் ஹுசேன் அலாத்தாஸ். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். ‘மலாய்க்காரன் சோம்பேறி’ என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று 1977இல் வெளிவந்த நூலில் அலசினார். வெள்ளைக்கார முதலாளியின் தோட்டத்துக்கும் சுரங்கத்துக்கும் கூலியாக வர மறுத்தவனுக்கு முதலாளி வைத்த பெயர் அது என்று காட்டினார். வந்து மாடாய் உழைத்த தமிழனுக்கு ‘சொன்னதைக் கேட்பவன்’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு சமூகத்துக்கு ஒட்டிய பெயரைக் கேட்டவுடன், ஒட்டியவர் யார், அதனால் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கும் பழக்கம் இப்படித்தான் வருகிறது.

‘இந்தியப் பையன்களே அப்படித்தான்’

அந்தப் பழக்கம் இன்று நமக்கு எங்கே தேவைப்படுகிறது? 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் சுமார் 40,000 பேர் இருப்பதாகவும், பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொல்லப்பட்டது. மக்கள்தொகையில் நாமோ சுமார் 7 விழுக்காடு. அந்த வாரம் காப்பிக்கடையில் இரண்டு விதப் பேச்சுதான் கேட்டது. ஒன்று, ‘எல்லாம் நம்மைக் கேவலப்படுத்தச் சொல்வது’. இன்னொன்று, ‘நம்ம ஜாதியே இப்படித்தான், திருந்தாது’. குற்றவியல் படித்த பிள்ளை இரண்டையும் ஏற்க மாட்டாள்.

அவள் முதலில் எண்ணைப் பிரித்துப் பார்ப்பாள். உறுப்பினர் என்று யாரைக் கணக்கில் எடுத்தார்கள்? தண்டனை பெற்றவரையா, பிடிபட்டவரையா, பச்சை குத்தியதால் சந்தேகிக்கப்பட்டவரையா? சாலையில் சண்டை போடும் கூட்டம் எளிதில் கணக்கில் விழும். கணினி முன் உட்கார்ந்து பல லட்சம் வெள்ளி ஏமாற்றுபவன் விழுவானா? மேல்தட்டுக் குற்றம் ஏன் குற்றமாகவே எண்ணப்படுவதில்லை என்று எட்வின் சதர்லண்ட் 1939இலேயே கேட்டுவிட்டார்.

அதற்காகக் கும்பலே இல்லை என்று அவள் சொல்லிவிட மாட்டாள். சவ ஊர்வலத்தில் கொடி பிடித்தவர்களை நாமே பார்த்திருக்கிறோம். பிறகு ஏன் இந்தியர் அதிகம்? சிகாகோவில் கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இருவர் பல ஆண்டுகளின் சிறார் நீதிமன்றப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொரு பையனின் வீட்டையும் நகர வரைபடத்தில் புள்ளியாக வைத்தார்கள். 1942இல் நூலாக வந்தது. நகர மையத்தை ஒட்டிய, ஆலைகள் சூழ்ந்த ஏழைப் பகுதிகளில் புள்ளிகள் அடர்ந்திருந்தன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்தப் பகுதிகளில் ஒரு காலத்தில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் கொஞ்சம் காசு சேர்த்து வெளியேறிய பின் போலந்துக்காரரும் இத்தாலியரும் வந்தார்கள். ஆட்கள் மாறியும் அந்தப் பகுதிகளின் குற்ற விகிதம் பெரிதாகக் குறையவில்லை. வெளியேறிப் போனவர்களின் பிள்ளைகளிடமோ அது குறைந்தது.

இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். குற்றம் ரத்தத்தில் இருந்தால் அது ஆளோடு கூடவே போயிருக்க வேண்டும். போகவில்லை, இடத்தோடு தங்கிவிட்டது. அடிக்கடி ஆள் மாறும் வாடகை வீடுகள், பலமில்லாத பள்ளி, தெரிந்தவர் இல்லாத அக்கம்பக்கம், வேலை இல்லாத வாலிபர்களுக்கு வேலை கொடுக்கும் ஒரே முதலாளியாகக் கும்பல் தலைவன் என்று பட்டியல் போகிறது. நம் பதினேழாவது மாடியை இதில் பொருத்திப் பாருங்கள்.

இந்த ஆய்விலும் ஓட்டை உண்டு, அதையும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நீதிமன்றப் பதிவில் இருப்பது பிடிபட்ட பையன்கள் மட்டும்தான். போலீஸ் எந்தப் பகுதியில் அதிகம் ரோந்து போகிறதோ அங்கே அதிகம் பிடிபடுவார்கள். ஹோவர்ட் பெக்கர் 1963இல் இதையே இன்னொரு பக்கத்திலிருந்து சொன்னார்: ஒருவனைக் ‘கெட்டவன்’ என்று முத்திரை குத்திவிட்டால், பள்ளியும் முதலாளியும் கதவைச் சாத்த, அந்த முத்திரைக்கு ஏற்ற வழியில் போவதே அவனுக்கு எளிதாகிவிடும். பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இது என்னையும் குத்துகிறது. ‘கடைசி பெஞ்ச்’ என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

பிடித்த பிறகு நடப்பது

குற்றவியல் நீதி என்பது இதற்கு அடுத்த படி. கைது, தடுப்புக் காவல், வழக்கு, தண்டனை, சிறை, விடுதலை என்று ஓர் ஆள் கடந்துபோகும் ஒவ்வொரு கதவிலும் யார் நிற்கிறார், எந்தச் சட்டப்படி நிற்கிறார் என்ற படிப்பு. வழக்கறிஞர் ஆகும் படிப்பு இது இல்லை. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். தொலைக்காட்சியில் வருவதுபோல் ரத்தத் துளியைச் சோதிக்கும் படிப்பும் இல்லை. அது தடயவியல், அறிவியல் பிரிவு மாணவருக்கு உரியது.

இதில் சில விசயங்களைப் பட்டம் படிக்காமலே ஒவ்வொரு வீடும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுவர வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆவது விதி. அதற்குமேல் விசாரணைக்காக வைத்திருக்க மாஜிஸ்திரேட் உத்தரவு தேவை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவுப்படி, 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்கு முதலில் 4 நாள், பிறகு 3 நாள் வரை. 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ளதற்கு 7 நாள், மீண்டும் 7 நாள் வரை. குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் சொல்லும் உரிமை 28ஏ பிரிவில் இருக்கிறது. வழக்கறிஞருக்குக் காசு இல்லாத குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. சொஸ்மா, போக்கா சட்டங்களில் கைதானால் கணக்கே வேறு. சொஸ்மாவில் 28 நாள் வரை போகும், போக்காவில் விசாரணை இல்லாமலே இரண்டு ஆண்டு வரை தடுத்து வைக்க முடியும். அது நல்லதா கெட்டதா என்பது இந்தப் படிப்பில் காரசாரமாக விவாதிக்கப்படும் தலைப்பு.

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவன், சிறார் நீதிமன்றம் என்று ஆரம்பித்தபோது அந்த அம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன்.

18 வயதுக்குக் குறைந்தவர் குற்றம் செய்தால் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி தனி நீதிமன்றம். மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள் உட்கார்வார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் உறுதியான பின், எச்சரித்து விடுவதா, நன்னடத்தைப் பிணையா, அங்கீகரிக்கப்பட்ட பள்ளியா, ஹென்றி கர்னி பள்ளியா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் ஓர் அறிக்கையைப் பார்த்தாக வேண்டும். நன்னடத்தை அதிகாரி எழுதும் ‘லாப்போரான் அக்லாக்’. பையனின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம் எல்லாம் அதில் இருக்கும். சமூகநல இலாகா அதிகாரி வீட்டுக்கு வந்து, பார்த்து, கேட்டு எழுதுவது.

“வந்தாங்க, சார்,” என்றார் அந்த அம்மா. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு ஆண்டுக்கு முன் மூத்த பையன், அப்போது 16 வயது, ஒரு சண்டையில் மாட்டியிருக்கிறான். அதிகாரி வந்தபோது வீட்டில் இந்த அம்மா மட்டும். அவருக்கு மலாய் பேச வரும், ஆனால் பயத்தில் வரவில்லை. கேட்டதற்கெல்லாம் ‘யா’, ‘தாக் தாஹு’ என்று இரண்டே பதில். “வந்தவங்க நல்ல மனுசிதான், சார். கோவிக்கல. ஆனா எங்க மாமியார் படுத்த படுக்கை. தெனம் காலையில அவங்கள தூக்கி உக்கார வச்சு, வாய் கொப்பளிக்க வச்சு, கஞ்சி குடுத்துட்டுத்தான் அவன் ஸ்கூலுக்குப் போவான். அதனாலதான் தெனம் லேட்டு. பேப்பர்ல ‘அடிக்கடி தாமதம்’னு மட்டும் இருந்துச்சாம். அத நான் சொல்லவே இல்ல. அவங்களும் கேக்கல.”

அதிகாரியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கையில் எத்தனை கோப்பு இருந்ததோ, ஒரு வீட்டுக்கு எத்தனை நிமிடம் ஒதுக்க முடிந்ததோ நமக்குத் தெரியாது. ஆனால் மேலே சொன்ன மூன்று படிப்பும் சேர்ந்து கற்றுக்கொடுப்பது இந்த இடத்துக்குத்தான் வேண்டியிருக்கிறது. ‘அடிக்கடி தாமதம்’ என்ற வரியோடு நிறுத்தாமல், காலையில் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பது. பயந்த தாயிடம் அவள் மொழியில் நாலு வார்த்தை பேசி, தண்ணீர் வாங்கிக் குடித்து, பிறகு கேட்பது. மூலையில் படுத்திருக்கும் பாட்டியைப் பார்ப்பது. ஒரு பையன் தன் வீட்டுக்குத் திரும்புவதா, பள்ளி என்ற பெயரிலான சுவருக்குள் போவதா என்பது சில சமயம் இப்படிப்பட்ட இரண்டு வரியில் தொங்குகிறது.

பெரியவர்கள் வழக்கிலும் குற்றவாளியின் பின்னணிக்கு இப்போது எடை கூடியிருக்கிறது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. முன்பு சில குற்றங்களில் தீர்ப்பு உறுதியானால் நீதிபதிக்கு வேறு வழியே இல்லை. இன்று தூக்கா, நீண்ட சிறையா என்று அவர் முடிவெடுக்கலாம். சிறையிலிருந்து முன்கூட்டியே கண்காணிப்போடு வெளியே விடும் பரோல் முறை 2008இல் வந்தது. அங்கும் இந்தக் கைதி வெளியே போனால் யார் வீட்டில் தங்குவான், அந்தக் குடும்பம் அவனைத் தாங்குமா என்று விசாரித்து எழுத ஒருவர் வேண்டும்.

சரி, வேலை?

கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். மருத்துவம் படித்தால் மருத்துவர் என்பதுபோல், இந்தப் பட்டத்தின் மறுபக்கம் ஒரு நாற்காலி தயாராக இல்லை. அதை மறைத்துச் சொல்லும் கல்லூரி விளம்பரங்களை நம்ப வேண்டாம். சமூகநல இலாகா, சிறைச்சாலை இலாகா, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், குடிநுழைவு, போலீஸ் என அரசு வேலைகளுக்குப் பொதுச் சேவை ஆணையம் போன்ற அமைப்புகள் வழி விண்ணப்பித்து, தேர்வும் நேர்முகமும் தாண்டித்தான் போக வேண்டும். போட்டி கடுமை. முதல் தடவை கிடைக்காமல் இரண்டு மூன்று தடவை முயன்றவர்களை எனக்குத் தெரியும். தனியாரில் மனிதவளம், சந்தை ஆய்வு, அரசுசாரா அமைப்புகள், செய்தித்துறை என்று போகிறார்கள். கல்வி டிப்ளோமா எடுத்து ஆசிரியரானவர்களும் உண்டு. தொடக்கச் சம்பளத்தில் கணக்கியல் படித்த தோழி முன்னால் நிற்பாள் என்பதையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

படிப்பு சுலபம் என்ற பேச்சும் தவறு. கணக்கு இல்லை என்று நினைத்துச் சேருபவர்கள் புள்ளிவிவரப் பாடத்தில் முழிப்பார்கள். வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில், கட்டுரை பெரும்பாலும் மலாயில். நம் பிள்ளைகள் தடுமாறுவது அறிவில் இல்லை, வாரத்துக்கு நூறு பக்கம் வாசித்துப் பழகாததில்தான். முடிவு வந்து பதிவு நாள் வருவதற்குள் ஒரு நல்ல ஆங்கில நூலையாவது மெதுவாக முடித்துவிட்டுப் போகச் சொல்வேன். இறுதி ஆண்டில் சொந்தமாக ஓர் ஆய்வு எழுத வேண்டும். அங்கேதான் தமிழ் தெரிந்த பிள்ளைக்கு மற்றவருக்கு இல்லாத சொத்து இருக்கிறது. மூடப்பட்ட தோட்டத்தின் கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் குடும்பங்கள், மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வாலிபர்கள், அடுக்குமாடியில் சாவு விழுந்தால் சடங்கு நடக்கும் விதம் என்று எத்தனையோ எழுதப்படாமல் கிடக்கின்றன.

குற்றவியல் நீதியில் தனிப் பட்டம் வேண்டுமானால், நம் நாட்டில் அது பெரும்பாலும் மேற்படிப்பாகத்தான் கிடைக்கும். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையில் முதுகலை நிலையில் இருக்கிறது. சட்டமோ சமூகவியலோ முதலில் முடித்துவிட்டு அங்கே போகலாம். வீடு வீடாகப் போய் உதவும் வேலைதான் பிடிக்கும் என்பவர்கள் சமூகப்பணிப் பட்டத்தைப் பார்க்கலாம். அறிவியல் பல்கலைக்கழகத்தில் அது 1975 முதல் நடக்கிறது. தனியார் கல்லூரியில் ‘கிரிமினோலஜி’ என்று பெயர் பார்த்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

சட்டத்துறை கிடைக்கவில்லை என்ற வருத்தம் அந்தப் பெண்ணுக்கு அன்றே போய்விடவில்லை. போகும் என்று நானும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “சார், அந்த அறிக்கை எழுதுற ஆபீசர் ஆகணும்னா எந்த இலாகாவுக்கு எழுதிப் போடணும்?” சமூகநல இலாகா என்றேன். கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். இடத்தை ஏற்றுக்கொள்ள இன்னும் ஆறு நாள் இருந்தது. அம்மா எழுந்து நின்று, விடுதிக்கு வாளியும் தலையணையும் வீட்டிலிருந்தே கொண்டுபோகணுமா, அங்கேயே கொடுப்பார்களா என்று கேட்டார்.